இல்லை என்றும் சொல்லமாட்டேன்

வேலையை விட்ட பிறகும் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு இடைக்கிடை போய் வருவேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தேநீர் தந்து கதை கேட்பார்கள். போன முறை ஒருத்தி கேட்டாள்:

"அன்ரி, இப்ப ஒரு நாளைக்கு ஒரு குளிசை தானே. வீட்டிலயே இருந்து டெஸ்ட் செய்து பாக்கலாம். மருந்தை ஒழுங்கா எடுத்தா மற்ற ஆக்களுக்குத் தொத்தாது எண்டும் எல்லாருக்கும் தெரியும். பிறகும் என்னத்துக்கு நாங்கள் இப்பிடி வாயைக் கட்டிக்கொண்டு திரியிறம்?"

"எல்லாருக்கும் தெரியும் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். மிச்சத்தை எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். இதில் வருகிறவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒருத்தி மட்டும், "மாத்துறதுன்னா கொஞ்சம் அழகான பேரா வைங்க மிஸ்" என்றாள். வைத்திருக்கிறேன்.

எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறவர்களுக்கு அவர்கள் இருக்கும் இடத்திலேயே துணை நிற்பதுதான் என் வேலையாக இருந்தது. வீட்டுக்குப் போவது, கிளினிக்குக்குக் கூடப் போவது, மருந்து தவறாமல் பார்ப்பது, வீட்டாரோடு கதைப்பது, அயலவர்களின் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறி, பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். "வேற வேலை கிடைக்கேல்லையே உமக்கு?" என்று என் கணவர் கேட்டார். கிடைத்தது, ஆனால் பிடித்தது இதுதான் என்றேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்று படித்தோம். வாழைப்பழத்தில் ஆணுறை மாட்டிப் பழகினோம். வெட்கப்பட்டோம். பிறகு வெட்கம் போய்விட்டது.

ஊருக்குத்தான் வெட்கம் போகவில்லை. வெள்ளவத்தையில் கலியாண வீடுகளில் பக்கத்துக் கதிரைக்காரி என்ன வேலை என்று கேட்பார். சொல்வேன். சாப்பாட்டுக்கு எழும்பும்போது அந்தக் கதிரை காலியாக இருக்கும். நான் என் கைப்பையை அதில் வைத்துக்கொண்டு வசதியாக இருப்பேன்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் நிரோஷா மிஸ். சிங்களப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கிராண்ட்பாஸில் வளர்ந்ததால் அங்கத்தைய தமிழ் நன்றாக வரும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாராவது முக்கியமான ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிடுவார். ஒரு சொல்லும் தவறக்கூடாதாம். அவர் முன்னால் இருந்து அழுதவர்கள் எல்லாரும் வேர்த்துக்கொண்டேதான் அழுதார்கள்.

வீட்டுக்குப் போவதற்கு அவர் வைத்திருந்த முறைகள் எனக்கு இன்றும் மனப்பாடம். முதலில் தொலைபேசியில் கேட்க வேண்டும்: எப்போது வரலாம், வேறு யாராவது கதவைத் திறந்தால் என்னை யார் என்று சொல்லிக்கொள்வது என்று. அலுவலக வாகனத்தில் போகக்கூடாது. பெயர் அச்சடித்த பை, குடை, ஒரு துண்டுத்தாள்கூடக் கையில் இருக்கக்கூடாது. மருந்துப் போத்தலில் உள்ள லேபலை நனைத்து உரித்துவிட வேண்டும். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கைப்பைக்குள் குளிசைகள் கலகலவென்று சத்தம் போடும். எல்லாவற்றிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது இன்னொன்று.

"அக்கா, ரோட்டில கண்டா நாங்க முதல்ல சிரிக்கக்கூடாது. அவங்க சிரிச்சா மட்டும் சிரிங்க" என்பார்.

வெள்ளவத்தைச் சந்தையில் எனக்கு நன்றாகத் தெரிந்த, என் தோளில் சாய்ந்து அழுத மனிதர்களை மரம் மாதிரிக் கடந்து போயிருக்கிறேன். "உமக்குப் பெருமை கூடிப்போச்சு" என்பார் என் கணவர்.

அதற்கும் மேலே ஒரு விதி இருந்தது. ஒருவருக்கு இந்தத் தொற்று இருக்கிறதா என்று யார் கேட்டாலும் ஓம் என்று சொல்லக்கூடாது. இல்லை என்றும் சொல்லக்கூடாது. முதற்பாதி எனக்கு உடனே விளங்கியது. இரண்டாம் பாதி விளங்க ஒரு சம்பவம் தேவைப்பட்டது.

அதற்கு முதல் மிஸ்ஸின் போக்கை விளங்கிக்கொள்ள ஒரு சின்னக் கதை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மாடிவீடு ஒன்றில் ஒரு தாய். மகன் கணக்காளர். மகனுக்குத் தொற்று என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை, துவைக்கத் தனி வாளி. மகன்தான் எங்களை வரச் சொன்னான். நானும் மிஸ்ஸும் போனோம்.

"நான் பாசமில்லாமலா செய்யிறன்? மற்றப் பிள்ளையளையும் பாக்கோணும் தானே" என்றார் தாய்.

தட்டில் தொற்றாது என்று நான் வாய் திறக்கப் போனேன். மிஸ் என் கையைத் தொட்டு நிறுத்தினார். "அம்மா, அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் வாங்க. டொக்டர்கிட்ட நீங்க தனியா கேக்கலாம். மகன் வெளிய இருப்பார். என்ன வேணும்னாலும் கேளுங்க."

தாய் வந்தார். கதவைச் சாத்தினார்கள். மகனும் நானும் வெளியே மர வாங்கில் இருந்தோம். அவர் என்னென்ன கேட்டாரோ, அவ்வளவு நேரம் கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தார். பம்பலப்பிட்டி தாண்டிய பிறகு என் காதுக்குள் கேட்டார்: "அப்ப அந்தச் சாப்பாட்டுத் தட்டை இனி நான் என்ன செய்யிறது?"

"பூனைக்குச் சோறு வையுங்கோ" என்றேன்.

அவர் சிரித்தார். முன் சீட்டில் இருந்த மகன் திரும்பிப் பார்த்தான். தாய் சிரித்து அவன் பல நாளாகப் பார்க்கவில்லை.

இனி செலினின் கதை.

செலின் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தாள். தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரு சுவரை இரண்டு வீடுகள் பகிரும் நெருக்கமான வரிசை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பைப். கணவன் துறைமுகத்தில் வேலை செய்தவன். அவன் நோய்ப்பட்டு இறக்கும் தறுவாயில்தான் என்ன நோய் என்று தெரிந்தது. பிறகு செலினைப் பரிசோதித்தார்கள், அவளுக்கும் இருந்தது. மகளுக்கு இல்லை. செலின் மருந்தை ஒரு நாளும் தவறவிடாதவள். இடியப்பம் அவித்து அந்தத் தோட்டத்துக்கும் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொடுத்தாள். அவள் பிழியும் இடியப்பம் பஞ்சு மாதிரி இருக்கும். நானே வாங்கிக்கொண்டு போவேன்.

கணவனுக்குப் பத்தாவது வருடப் பூசை கொடுத்த நாளில் அவனுடைய தங்கைக்கும் செலினுக்கும் ஏதோ வாய்த்தர்க்கம் வந்தது. தங்கை பைப்படியில் நின்று கத்தினாள்: "எங்க அண்ணனுக்கு அந்த வருத்தத்தைக் குடுத்துக் கொன்னவ நீதானே!"

எது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கேட்டவர்களுக்கு அந்த ஒரு வசனம் போதும். எதிர்வீட்டு மரீனா கேட்டாள். மரீனா கேட்டால் தோட்டம் கேட்ட மாதிரி.

அடுத்த நாள் காலை இடியப்பம் அப்படியே மிஞ்சியது. கடைக்காரர்கள் ஆள் அனுப்பி, இனி வேண்டாம் என்றார்கள். பைப்படியில் செலின் தண்ணீர் பிடித்த பிறகு மரீனா டெட்டோல் ஊற்றிப் பைப்பைக் கழுவினாள், செலின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. வேறு இடத்துக்கு மாறிப் போகிறாயா என்று மிஸ் செலினிடம் கேட்டார்.

"முகத்துவாரத்துக்குப் போனா அங்கயும் ஒரு பைப் இருக்கும் மிஸ். அங்கயும் ஒரு மரீனா இருப்பா. நான் போகல்ல" என்றாள் செலின்.

மாதா கோயில் மண்டபத்தில் ஞாயிறு பூசைக்குப் பிறகு பொதுவாக ஒரு விளக்கக் கூட்டம் வைக்கலாமா என்று கேட்டோம். யாருடைய பெயரும் வராது. செலின் யோசித்தாள். "வைங்க. நானும் வந்து உக்காருவேன். வராட்டி அதையும் கதைப்பாங்க."

மண்டபம் நிரம்பியது. பங்கு ஃபாதரும் வந்திருந்தார். பேசியது நான். எச்சில், வேர்வை, தண்ணீர், சாப்பாடு எதிலும் தொற்றாது என்று சொன்னேன். மருந்து எடுக்கிறவர்கள் எல்லாரையும் போல வேலை செய்து, பிள்ளை வளர்த்து, வயதாகும்வரை வாழலாம் என்றேன். கேட்டுக்கொண்டார்கள். கேள்வி இருக்கிறதா என்றேன். மரீனா எழும்பினாள். வாட்டசாட்டமான பெண், மைக் தேவைப்படாத குரல்.

"மிஸ், சுத்தி வளைக்காம சொல்லுங்க. செலினுக்கு அது இருக்கா, இல்லியா?"

செலின் கடைசி வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. பக்கத்தில் நின்ற நிரோஷா மிஸ் மெல்லப் போய் மின்விசிறிகளை நிறுத்தினார். இல்லை என்ற ஒரு சொல் போதும், செலினின் அடுப்பு நாளைக்கே எரியும். என் நாக்கு நுனியில் அந்தச் சொல் இருந்தது உண்மைதான்.

"நான் சொல்லமாட்டன் மரீனா" என்றேன். "இருக்கு எண்டும் சொல்லமாட்டன், இல்லை எண்டும் சொல்லமாட்டன்."

"அப்ப இருக்கு தான்!"

"உங்களைப் பற்றிக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன்."

முன்வரிசையில் துறைமுகத்து ஆள் ஒருவர் இருந்தார், ஜோசப் என்று. விளையாட்டுக்காரர். "அப்ப எனக்கு இருக்கா மிஸ்?" என்றார்.

"சொல்லமாட்டன்."

"உங்களுக்கு?"

"சொல்லமாட்டன்."

யாரோ ஒரு பெண் சிரித்தாள். பின்னாலிருந்து ஒரு இளந்தாரி, "ஃபாதருக்கு?" என்று கத்தினான். சிரிப்பு சட்டென்று நின்றது. நான் ஃபாதரைப் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்தபடியே, "மிஸ் சொன்னாலும் நான் சொல்லமாட்டேன்" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கிய நேரம் செலினை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மரீனா மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தாள்.

கூட்டம் நன்றாக முடிந்தது என்று நான் நினைத்தேன். செலின் அப்படி நினைக்கவில்லை. அன்று பின்னேரமே அலுவலகத்துக்கு வந்தாள், கண் சிவந்திருந்தது.

"இல்லன்னு ஒரு சொல்லு மிஸ். ஒரே ஒரு சொல்லு. அதைச் சொன்னா உங்க வாய் வெந்தா போயிரும்?"

"செலின், உமக்காக நான் இண்டைக்கு இல்லை எண்டு சொன்னா, நாளைக்கு இன்னொரு ஆளைக் கேக்கேக்க நான் பேசாமல் நிண்டால் அது ஓம் எண்டு ஆகிடும். பிறகு எங்கட வாயில ஆரும் நம்பி எதையும் தரேலாது."

"நாளைக்கு வரப்போற ஆளுக்காக நான் இன்னைக்குப் பட்டினி கிடக்கணுமா?"

அதற்குப் பதில் சொன்னவர் நிரோஷா மிஸ். "இல்ல செலின். பட்டினி கிடக்கத் தேவையில்ல. அது எங்க வேல" என்றார். அன்றே தெரிந்தவர்களிடம் விசாரிக்கத் தொடங்கினார். அந்த வாரமே வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடை செலினின் இடியப்பத்தை எடுக்கச் சம்மதித்தது. விடிய ஒரு ஓட்டோவில் அனுப்புவாள். கடைக்காரர் ருசி பார்த்துத்தான் எடுத்தார், இரக்கப்பட்டு அல்ல. அதை மிஸ் செலினிடம் இரண்டு தரம் அழுத்திச் சொன்னார்.

தோட்டத்துக்கு நான் தொடர்ந்து போனேன். மண்டபத்தில் சொன்னதை இனி வீடு வீடாக, குசினிகளில் இருந்து சொன்னேன். சனங்கள் கூட்டத்தில் கேட்காததை வெங்காயம் உரிக்கும்போது கேட்பார்கள். கொசு கடித்தால் வருமா, ஒரே கக்கூஸ் என்றால் வருமா, முடிவெட்டுகிற இடத்தில் வருமா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். முதலில் திரும்பி வந்தவர் ஜோசப்தான். ஒரு காலை செலினின் வாசலில் தட்டோடு நின்றார்.

"வருத்தம் இருக்கோ இல்லியோ, அத நான் கேக்கல்ல. பாண் தின்னு தின்னு எனக்கு வெறுத்துப்போச்சு. பத்து இடியப்பம் வை."

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். மரீனா வரவில்லை. டெட்டோல் ஊற்றுவதை மட்டும் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு மரீனா வந்தாள். வந்தவள் கதவைச் சாத்தினாள். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளுடைய தம்பி ரொஷான் மத்திய கிழக்குக்குத் திரும்பிப் போக மருத்துவப் பரிசோதனை செய்திருக்கிறான். அதில்தான் தெரிந்திருக்கிறது. அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறான், மருந்து வேண்டாம் என்கிறான், சாகப்போகிறேன் என்கிறான். மெலிந்தும் போயிருந்தான்.

"உங்ககிட்ட ஏன் வந்தேன் தெரியுமா மிஸ்?" என்றாள். "அன்னைக்கு அந்த ஹோல்ல அவ்வளவு பேர் முன்னால கேட்டேன். நீங்க சொல்லல்ல. அப்ப எனக்கு உங்க மேல அவ்வளவு கோவம். இப்ப, என் தம்பியைப் பத்தியும் சொல்லமாட்டீங்க தானே?"

"சொல்லமாட்டன்" என்றேன். நிரோஷா மிஸ் வைத்த விதியின் இரண்டாம் பாதி அந்த மத்தியானம்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

ரொஷானை அக்காவும் நானும் கெஞ்சிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். மருந்தைக் கையில் வாங்கினான், ஆனால் எடுப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. டொக்டர் சொன்னதையோ நான் சொன்னதையோ அவன் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்: "உங்களுக்குச் சொல்றது லேசு மிஸ். உங்களுக்கு இது இல்ல தானே."

இதோடு வாழ்கிற ஒருவர் அவனோடு கதைக்க வேண்டும். என் மனதில் ஒரே ஆள்தான் வந்தாள். ஆனால் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. முதலில் ரொஷானிடம் கேட்டேன். இன்னொருவரைச் சந்திக்கிறீரா, அவர் உமக்கும் அக்காவுக்கும் தெரிந்தவராக இருக்கலாம், அவருக்கும் உம்மைப் பற்றித் தெரியவரும். அவன் சரி என்றான். அக்காவும் கூட வரவேண்டும் என்றான். பிறகு செலினிடம் போனேன். இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"புதுசா ஒரு ஆள். மருந்து வேண்டாம் எண்டு நிக்கிறார். நீர் கதைச்சால் கேப்பார். ஆனால் தெரிஞ்ச ஆளா இருக்கும் செலின். உமக்குப் பிடிக்காத வீட்டு ஆளாவும் இருக்கும். போனால் உம்மைப் பற்றியும் அவைக்கு உறுதியாத் தெரிஞ்சுபோகும். ஏலாது எண்டு சொன்னால் நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அவள் கையை நிறுத்தவில்லை. கழுவி முடித்து, உரலைக் கவிழ்த்து வைத்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். தோட்டத்தில் யார் வீட்டில் ஒரு பொடியன் வெளியே வராமல் கிடக்கிறான் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அலுவலகத்தின் உள்ளறையில் மரீனாவும் ரொஷானும் முதலே வந்து இருந்தார்கள். செலின் நல்ல சேலை உடுத்தி, பூசைக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். அவளைக் கண்டதும் மரீனா எழும்பினாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"உக்காரு மரீனா" என்றாள் செலின். "நீ நினைச்சது சரிதான். செஞ்சதுதான் பிழை."

மரீனா உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். செலின் அதற்கு மேல் அவளோடு ஒன்றும் கதைக்கவில்லை. அந்த இரண்டு பேரும் இன்றுவரை சிநேகிதிகள் ஆகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரொஷானோ இன்று கொழும்பில் சொந்தமாக ஓட்டோ ஓட்டுகிறான், கலியாணம் முடித்திருக்கிறான். மனைவிக்கு எல்லாம் தெரியும். டொக்டரிடம் இருவருமாகப் போய்க் கேட்டுத் தெளிந்த பிறகுதான் நாள் வைத்தார்கள்.

அன்றைக்கு ஆனால் அவன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். செலின் கதிரையை இழுத்து அவன் எதிரே போட்டு இருந்தாள். அவன் மெல்லத் தலை தூக்கினான். நரைக்காத அவளுடைய தலையை, மாப் பிசைந்து பிழிந்து உரமேறிய கைகளை, ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அக்கா, உங்களுக்கு எத்தன வருஷம்?"

"பதினொண்ணு."

"பதினொரு வருஷமா?" என்றான். முதுகு கதிரையில் நிமிர்ந்தது.

"ஓம். எங்க, உன் மருந்து? வெளிய எடு, பாப்போம்."

அவன் சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்தான். எழும்பிப்போய் மின்விசிறியை நிறுத்தினேன். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.